தொட்டிலுக்கு இந்தப் பக்கம்: ஓர் ஓவியத்தைத் தேடிப் போன ஆறு நாட்கள்

முதல் நாள், செவ்வாய், பாரிஸ்

காலையில் விமானம் இறங்கியது. தங்கும் அறையில் பெட்டியை வைத்துவிட்டு, உறக்கமில்லாத கண்களோடு நேராக ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போனேன். பள்ளியில் 28 ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவள் நான். அத்தனை ஆண்டுகளும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில், ஓரம் மஞ்சளேறிப் போன அஞ்சலட்டை ஒன்று இருந்தது. பிரெஞ்சுப் பெண் ஓவியர் பெர்த் மொரிஸோ 1872-இல் வரைந்த 'தொட்டில்' என்ற ஓவியத்தின் அச்சு அது. பணி ஓய்வு பெற்ற பிறகு முதல் வேலையாக அதன் மூலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

1900-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையத்தை 1986-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள் என்பதால், உள்ளே நுழைந்ததும் நடைமேடையில் நிற்பது போன்ற உணர்வு வருகிறது. ஒளியின் கணநேரத் தோற்றத்தை விரைவான தீற்றல்களில் பிடித்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்கள் ஐந்தாம் தளத்தில் இருக்கின்றன. அந்தக் குழுவின் புகழ்பெற்ற மோனே, ரெனுவார் ஆகியோரின் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடந்து போனேன்.

ஓவியம் சிறியது. உயரம் 56 சென்டிமீட்டர், அகலம் 46 சென்டிமீட்டர். நம் வீட்டுப் பூஜை அறையில் மாட்டியிருக்கும் சாமி படத்தின் அளவு. இடப்பக்கம் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். கருநீலக் கோடிட்ட உடை, கழுத்தில் கறுப்பு நாடா. இடக்கை மடங்கிக் கன்னத்தைத் தாங்குகிறது. வலக்கை, தொட்டிலின் மேல் கவிந்திருக்கும் சல்லாத் துணியின் ஓரத்தை விரல் நுனியால் பிடித்திருக்கிறது. துணிக்கு அப்பால் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது.

அஞ்சலட்டையில் தெரியாத ஒன்றை இன்று பார்த்தேன். ஓர் அடி தூரத்தில் நின்றால் அந்தச் சல்லாத் துணி துணியாகவே இல்லை. உலர்ந்த தூரிகையால் இழுத்த வெள்ளைத் தீற்றல்கள், இடையிடையே சாம்பலும் நீலமும், ஓரத்தில் இளஞ்சிவப்புக் கரை, அவ்வளவுதான். குழந்தையின் முகம் அந்தத் தீற்றல்களுக்கு இடையே பாதி கரைந்து கிடக்கிறது. நான்கடி பின்னால் வந்தால் எல்லாம் கூடி, காற்றடித்தால் அசையும் என்று நினைக்குமளவுக்கு மெல்லிய துணியாகி விடுகிறது. முன்னும் பின்னுமாக எத்தனை முறை நடந்தேனோ தெரியாது. காவலர் என்னைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்.

சின்ன வயதில் நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால் பாட்டி அதட்டுவார்: "கப்பலா கவிழ்ந்துவிட்டது? கையை எடு." இந்த ஓவியத்தைத் தாய்ப்பாசத்தின் படம் என்று புத்தகங்கள் சொல்வதை நான் முழுமனதோடு ஏற்காததற்குக் காரணம் அந்தக் கைதான். இந்தப் பெண் கொஞ்சவில்லை, தாலாட்டவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறார். அது என்ன யோசனை என்பதைத் தெரிந்துகொள்ளவே மீதி ஐந்து நாட்களை ஒதுக்கியிருக்கிறேன்.

இரண்டாம் நாள், புதன், பஸ்ஸி

ஓவியத்தில் இருப்பவர் பெர்த்தின் அக்கா எட்மா. தூங்குவது அவருடைய மகள் பிளான்ஷ். எட்மா 1839-இலும் பெர்த் 1841-இலும் பிறந்தவர்கள். அவர்களுக்கு மூத்தவர் ஈவ். தந்தை மாவட்ட ஆட்சியர் போன்ற உயர்பதவி வகித்தவர். குடும்பம் 1852-இல் பாரிசுக்கு வந்து, நகரின் மேற்குப் பகுதியான பஸ்ஸியில் குடியேறியது. அந்நாளில் அது தோட்டங்கள் நிறைந்த மேட்டுப் பகுதி. அவர்கள் வாழ்ந்த பிராங்க்ளின் தெருவில் இன்று காலை நடந்தேன். வீட்டுத் தோட்டத்தில் மகள்களுக்கென்று தந்தை ஓர் ஓவியக்கூடமே கட்டிக் கொடுத்திருந்தார். இப்போது தெருவின் இருபுறமும் அடுக்குமாடிகள்தான். ஆனாலும் திரொக்கதேரோ மேட்டுக்கு வந்து நின்றால், சேன் நதியும் அதற்கு அப்பாலுள்ள நகரமும் விரிகிற காட்சி அவர்கள் பார்த்ததுதான். ஈபிள் கோபுரம் மட்டும் பின்னால் வந்தது.

ஈவ் விரைவிலேயே விலகிக்கொண்டார். எட்மாவும் பெர்த்தும் விடவில்லை. அவர்களுக்குக் கற்பித்த ஜோசப் கிஷார், தாயாரிடம் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார்: இந்தப் பெண்களின் இயல்பைப் பார்த்தால், என் பாடம் வரவேற்பறைக்கு அழகு சேர்க்கும் கைவேலையோடு நிற்காது, இவர்கள் ஓவியர்களாகவே ஆகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது ஒரு புரட்சி, ஏறக்குறைய ஒரு பேரழிவு என்பதை உணர்ந்திருக்கிறீர்களா என்று கேட்டாராம். தாயார் அஞ்சவில்லை. அரசு நுண்கலைப் பள்ளி பெண்களுக்குக் கதவு திறந்தது 1897-இல்தான் என்பதால், சகோதரிகள் லூவர் அருங்காட்சியகத்தில் அமர்ந்து பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்தே கற்றார்கள். பிறகு இயற்கைக் காட்சி ஓவியர் கொரோவிடம் திறந்தவெளியில் வரையப் பழகினார்கள். 1864-ஆம் ஆண்டு அரசு ஓவியக் கண்காட்சியான சலோனில் இருவரின் படைப்புகளும் இடம்பெற்றன.

அந்தக் காலத்தில், 1865 வாக்கில், எட்மா தன் தங்கையை வரைந்தார். கையில் தூரிகையோடு, எதிரே உள்ள திரைச்சட்டத்தில் கவனமாக வேலை செய்துகொண்டிருக்கிறார் பெர்த். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நேற்று ஓர்சேயில் எதுவார் மனே என்ற ஓவியர் (மோனே வேறு, இவர் வேறு) 1872-இல் வரைந்த, ஊதாப்பூச் செண்டு செருகிய பெர்த்தின் படத்தையும் பார்த்தேன். கறுப்புத் தொப்பி, கறுப்பு உடை, பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம், பசுமை நிறக் கண்களைக் கறுப்பாக்கிய துணிச்சல் என்று அது ஒரு மாபெரும் ஓவியம். அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. மனே பதினொரு முறையளவில் பெர்த்தை வரைந்திருக்கிறார். விசிறியோடு, பூவோடு, சோபாவில் சாய்ந்தபடி எல்லாம் வரைந்தவர், ஒருமுறைகூடத் தூரிகையோடு வரையவில்லை. பெர்த்தை ஓர் ஓவியராகப் பார்த்தது அக்காவின் கண்கள்தான்.

1869-இல் எட்மா, அதோல்ப் போந்தியோன் என்ற கடற்படை அதிகாரியை மணந்து லோரியான் துறைமுகத்துக்குப் போனார். அத்துடன் தூரிகையை ஏறக்குறைய கீழே வைத்துவிட்டார்.

மதியம் மார்மோத்தான் அருங்காட்சியகம். மோனேயின் 'உதய சூரியன்' ஓவியத்துக்காக எல்லோரும் வரும் இடம். ஆனால் மொரிஸோவின் படைப்புகள் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கேதான் இருக்கின்றன. அவருடைய பேரன் வழியில் வந்த சேகரிப்பு அது. 1885-இல் பெர்த் வரைந்த தன்னுருவப் படத்தின் முன் நெடுநேரம் நின்றேன். நரையோடும் தலையைத் தூக்கி நேராக நம்மைப் பார்க்கிறார். சிவப்பும் பழுப்பும் அவசரமாக இழுத்த தீற்றல்கள். பல இடங்களில் வெறும் கித்தான் தெரிகிறது. கீழே, முடித்தும் முடிக்காமலும், வண்ணத்தட்டு. மனே தராததை அவரே தனக்கு வரைந்துகொண்டார்.

மூன்றாம் நாள், வியாழன், லோரியான்

மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயில், ஏறக்குறைய மூன்று மணி நேரம். எட்மா எழுதிய கடிதங்களில் எனக்குப் பிடித்த ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தேன். திருமணமான சில வாரங்களில் இங்கிருந்து தங்கைக்கு எழுதியது அது. மனத்தால் நான் அடிக்கடி உன் ஓவியக்கூடத்தில்தான் இருக்கிறேன், நெடுங்காலம் நாம் வாழ்ந்த அந்தக் காற்றைச் சுவாசிக்க ஒரு கால் மணி நேரமாவது தப்பி வந்துவிட மாட்டேனா என்று ஏங்குகிறேன், என்கிறார். பெர்த்தின் பதிலில் தேறுதல் இருந்தது, பொய் இல்லை: நீ இழந்துவிட்டதாக வருந்தும் இந்த ஓவியத் தொழில்தான் எத்தனையோ கவலைகளுக்கும் துன்பங்களுக்கும் காரணம் என்று எழுதினார். இரண்டு கடிதங்களிலும் நியாயம் இருக்கிறது என்பதால்தான் அவற்றை மறுபடி மறுபடி படிக்க முடிகிறது.

லோரியானில் எட்மா பார்த்த எதுவும் இப்போது இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் இங்கே கெரோமான் முனையில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பெரும் கான்கிரீட் கொட்டடிகள் கட்டினார்கள். 1943-இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசியதில் நகரம் பெரும்பாலும் அழிந்தது, கொட்டடிகள் மட்டும் அசையவில்லை. போருக்குப் பின் எழுந்த நேரான, வெளிர்நிறக் கட்டடங்களுக்கு நடுவே படகுத்துறை வரை நடந்தேன். 1869 கோடையில் அக்காவைப் பார்க்க வந்த பெர்த், 'லோரியான் துறைமுகம்' என்ற ஓவியத்தை இங்கேதான் வரைந்தார். அது இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். நடுவே அகன்று கிடக்கும் நீர். வலப்புறம் துறைச் சுவரின் மேல் வெள்ளை உடையில், குடை பிடித்து, முகம் கவிழ்ந்து அமர்ந்திருக்கிறார் எட்மா. அங்கேயும் அதே யோசனைதான். படத்தைப் பார்த்து மனே பாராட்டியதும் பெர்த் அதை அவருக்கே கொடுத்துவிட்டார்.

நீரைக் கடக்கும் படகில் ஏறி, எதிர்க்கரையிலுள்ள போர்லூயி கோட்டைக்குப் போனேன். தமிழர்களுக்கு இங்கே பார்க்க ஒன்று உண்டு. லோரியான் என்ற பெயரே 'கிழக்கு' என்ற பொருளில் வந்தது; பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1666-இல் கப்பல் கட்டுவதற்காக உருவாக்கிய ஊர் இது. புதுச்சேரியில் ஏற்றிய துணி மூட்டைகள் இறங்கிய துறை இதுதான். கோட்டைக்குள் உள்ள கம்பெனி அருங்காட்சியகத்தில், நம் கடற்கரையில் நெய்து வண்ணமிட்ட பருத்தித் துணிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு துணியில் கைவினைஞரின் கோடு ஓரிடத்தில் சற்று நடுங்கி, பிறகு நேராகியிருந்தது. அதன் அருகிலேயே நின்றுவிட்டேன். 'தொட்டில்' ஓவியத்தின் திரை எங்கே நெய்ததாகவும் இருக்கட்டும். மெல்லிய பருத்திக்கு ஐரோப்பா ஆசைப்படக் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட துறைமுகங்களின் வழியாகத்தான்.

மாலையில் கடல் வற்றி, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. நான் கற்பித்த பெண்களில் ஒருத்தியை நினைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பிலேயே என்னைவிட நன்றாக நீர்வண்ணம் தீட்டியவள். பல ஆண்டுகள் கழித்துப் பேருந்தில் பார்த்தபோது, "இப்போ கோலம் மட்டும்தான் டீச்சர்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

நான்காம் நாள், வெள்ளி, பாரிஸ்

ரயிலில் திரும்பி, மாலையில் கப்பூசின் நெடுஞ்சாலையில் 35-ஆம் எண்ணைத் தேடிப் போனேன். புகைப்படக்காரர் நதார் காலி செய்திருந்த கூடத்தில், 1874 ஏப்ரல் 15 முதல் ஒரு மாதம், மோனே, தெகா, ரெனுவார், பிசாரோ, செசான் ஆகியோர் நடத்திய முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் 'தொட்டில்' முதன்முதலாக மக்கள் முன் வந்தது. அந்தக் குழுவோடு சேர்ந்து காட்சிக்கு வைத்த முதல் பெண் பெர்த். வந்து பார்த்த பழைய ஆசிரியர் கிஷார், அந்த இடத்தில் தம் மாணவியின் ஓவியங்களைக் கண்டதும் நெஞ்சு இறுகியதாகத் தாயாருக்கு எழுதினார். பைத்தியக்காரர்களோடு சேர்ந்து இருந்தால் ஆபத்து என்பது அவருடைய கவலை. சில விமர்சகர்கள் 'தொட்டில்' படத்தின் நயத்தைப் பாராட்டினார்கள்; யாரும் வாங்கவில்லை. பெர்த் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எட்மாவின் குடும்பத்திலேயே இருந்துவிட்ட அந்த ஓவியத்தை லூவர் 1930-இல் வாங்கியபோது, எட்மா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தான் கன்னத்தில் கை வைத்து அமர்ந்திருக்கும் படத்தை எட்மா ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தன் குடும்பத்தின் சுவரிலேயே பார்த்திருக்கக்கூடும். நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே நின்று இதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஐந்தாம் நாள், சனி, பஸ்ஸி கல்லறை

திரொக்கதேரோவுக்குப் பக்கத்தில், உயர்ந்த சுவருக்கு மேலே இருக்கும் சிறிய கல்லறைத் தோட்டம். வழியிலேயே கஷ்கொட்டை மரங்கள் இலை உதிர்த்திருந்தன. பெர்த் 1874 டிசம்பரில் மனேயின் தம்பி எழேனை மணந்தார். நல்ல மனிதர், மனைவியின் கண்காட்சிகளுக்காக ஓடியாடி வேலை செய்தவர். திருமணத்துக்குப் பிறகும் பெர்த் தன் சொந்தப் பெயரிலேயே கண்காட்சிகளில் கலந்துகொண்டார். எட்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளில் ஏழில் அவர் படைப்புகள் இருந்தன. 1879-இல் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய நவம்பரில் மகள் ஜூலி பிறந்திருந்தாள். அக்காவுக்கும் தங்கைக்கும் வாய்த்த வாழ்க்கையின் வேறுபாடு அந்த ஓர் எண்ணிக்கையில் தெரிகிறது: பெர்த் ஒரு கண்காட்சியைத் தவறவிட்டார், எட்மா எல்லாவற்றையும் தவறவிட்டார்.

1895 மார்ச் 2 அன்று, நோயுற்ற மகளுக்குப் பணிவிடை செய்து தானும் நோய்ப்பட்டு, 54 வயதில் பெர்த் இறந்தார். இறப்புப் பதிவேட்டில் "தொழில் இல்லை" என்று எழுதினார்கள். கல்லறையின் மேல் எதுவார் மனேயின் மார்பளவுச் சிலை. கீழே கல்லில், எழேன் மனேயின் விதவை என்ற குறிப்போடு பெர்த் மொரிஸோவின் பெயர். யாரோ ஒரு பென்சிலை அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பதிவேடு எழுதியதைத் திருத்துவதற்காக, அடுத்த ஆண்டே தெகாவும் மோனேயும் ரெனுவாரும் ஓவிய வணிகர் தூரன்-ருயேலின் கூடத்தில் அவருடைய நானூறுக்குச் சற்றுக் குறைந்த படைப்புகளைத் தங்கள் கையாலேயே மாட்டினார்கள் என்று நான் நினைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கண்காட்சியின் விவரப் பட்டியல் நூலுக்கு முன்னுரை எழுதியவர் கவிஞர் மல்லார்மே.

ஆறாம் நாள், ஞாயிறு, மீண்டும் ஓர்சே

பென்சிலும் சிறு வரைதாள் ஏடும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டேன். சகோதரிகள் லூவரில் கற்றது போலவே, பார்த்து வரைவதைத் தவிர ஓர் ஓவியத்தைப் புரிந்துகொள்ள வேறு வழி எனக்குத் தெரியாது.

கையை நீட்டிப் பென்சிலைச் சாய்த்து அளந்தபோதுதான் அமைப்பு பிடிபட்டது. எட்மாவின் பார்வை, மடங்கிய இடக்கை, தூங்கும் குழந்தையின் மடங்கிய கை, அதன் மூடிய கண்கள் எல்லாம் மேலிருந்து கீழே சாய்ந்து இறங்கும் ஒரே கோட்டை நம்பி நிற்கின்றன. தாயின் கையும் சேயின் கையும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போல மடங்கியிருக்கின்றன. தொட்டிலின் திரை, மேல் மூலையிலிருந்து விழுந்து படத்தின் பாதியை மூடிக்கொள்கிறது. பெற்றவள் கண்ணே பட்டுவிடும், தூங்குகிற பிள்ளையை உற்றுப் பார்க்காதே என்பார்கள் நம் வீடுகளில். எட்மா தன் கண்ணுக்கும் குழந்தைக்கும் நடுவே எதையும் வைக்கவில்லை. அவர் விரலால் இழுத்துப் பிடித்திருக்கும் துணி, குழந்தையை நம்மிடமிருந்துதான் மறைக்கிறது.

அவருடைய கண்ணை நான்கு முறை அழித்து வரைந்தேன். கிட்டத்தில் அது தாழ்ந்த இமையின் ஒரு வளைவும் இருண்ட ஒரு தொடுதலும் மட்டுமே. ஒவ்வொரு முறையும் என் பென்சிலில் அது அன்பு ததும்பும் கண்ணாகவே வந்தது; ஓவியத்தில் இருப்பது அது அன்று. இமை அதைவிடச் சற்றுத் தாழ்ந்து, கூர்ந்து இருக்கிறது. வெளிச்சம் எங்கே விழுகிறது, வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று கணக்கிடுகிற பார்வை. வகுப்பில் பிள்ளைகள் வண்ணம் தொடுவதற்கு முன் பொருளைப் பார்க்கும்போது அந்தப் பார்வையை ஆயிரம் முறை கண்டிருக்கிறேன். தூங்கும் மகளை எட்மா ஓர் ஓவியரின் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார், எதிரே அமர்ந்து வரைந்துகொண்டிருந்த தங்கைக்கு அது தெரிந்திருந்தது என்று நான் நம்புகிறேன். 1865-இல் தன்னை ஓவியராக வரைந்த அக்காவுக்குப் பெர்த் கையில் தூரிகை கொடுக்கவில்லை, பார்வையைக் கொடுத்தார்.

ஐந்தாவது முறை இமைக் கோடு ஓரளவு வந்தது. அதற்குள் கூடத்தை மூட இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கிறது என்று அறிவித்தார்கள். மற்றவர்கள் படிக்கட்டை நோக்கி நகர்ந்தார்கள். ஏட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி, சல்லாத் துணியின் ஓரத்தைப் பிடித்திருக்கும் எட்மாவின் வலக்கையை மட்டும் வரையத் தொடங்கினேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் இடத்தில் பிடி மிக மென்மையாக இருந்தது. என் பென்சிலை நான் பிடித்திருந்த விதத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, வரைவதைத் தொடர்ந்தேன்.